பின் ஆக்சில் வளைஞ்சிருக்கு: ஷாஃப்டை மட்டும் மாத்தலாமா, முழுசா இறக்கணுமா?

சேத்துவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது பழைய ஜீப் மாதிரி வண்டி. பின்சக்கரத்துக்கு மட்டும்தான் டிரைவ், பட்டை ஸ்பிரிங், பின்னால டிரம் பிரேக். போன வாரம் ராத்திரி, மழைத்தண்ணி நின்ன பள்ளம் தெரியாம இறக்கிட்டேன். இடது பின்சக்கரம் விழுந்து ஏறினப்போ சீட்டுக்கு அடியில யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு. அதுலேருந்து 40க்கு மேல போனா ஒரு ரீங்காரம். பின்னால வந்த நண்பன், சக்கரம் தள்ளாடுதுன்னு சொன்னான். டிரம்மைக் கழட்டினா பிரேக் ஷூ முழுக்க கியர் ஆயில், அந்த அழுகின முட்டை வாடை.

இதே மாடல்ல கழட்டின முழு ஆக்சில் ஒண்ணு கிடைச்சிருக்கு. சக்கரத்தைச் சுத்துற உள் ஷாஃப்டை மட்டும் உருவி மாத்தினாப் போதுமா, இல்ல அதை மூடியிருக்கிற வெளிக்கூடு, அதாவது ஹவுசிங்கோட இறக்கணுமா? வீட்ல ஜாக்கி ரெண்டு, ஸ்டாண்டு ரெண்டு, சாக்கெட் செட், சிமென்ட் தரை இருக்கு. பேரிங்கை அமுக்கி ஏத்துற பிரஸ் கிடையாது.

பட்டறைவாசி:
தம்பி, ஷாஃப்ட்தான் வளைஞ்சதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? ரிம் வளைஞ்சாலும் சக்கரம் இப்படித்தான் ஆடும். இடது சக்கரத்தை வலது பக்கம் மாட்டி ஓட்டிப் பாருங்க. ஆட்டம் சக்கரத்தோட போச்சுன்னா ரிம். அங்கேயே நின்னா ஷாஃப்ட். அப்போ டிரம்மைக் கழட்டிட்டு, பிரேக் பிளேட்ல (ஷூ மாட்டியிருக்கிற தகடு) ஒரு கம்பியைக் கட்டி, முனையை ஷாஃப்ட் ஃபிளேஞ்சுக்கு (சக்கரம் மாட்டுற வட்டத் தட்டு) ஒரு மயிரிழை தள்ளி நிறுத்தி, கையால சுத்துங்க. இடைவெளி கூடிக் குறைஞ்சா சந்தேகமே வேண்டாம்.

ஆனா எனக்குக் கவலை ஹவுசிங் மேலதான். ஷாஃப்ட் வளைஞ்சா சக்கரம் சுத்தும்போது ஆடும், கண்ணுக்குத் தெரியும். ஹவுசிங் குழாய் வளைஞ்சா ஆட்டமே இருக்காது. சக்கரம் எப்பவும் ஒரே கோணத்துல சாஞ்சு நிக்கும், அவ்வளவுதான். இதைப் பார்க்காம நான் ஒரே வருஷத்துல மூணு தடவை ஆயில் சீல் மாத்தினேன், ரெண்டு தடவை பேரிங். ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் குடுத்த சீல் மட்டம்னு திட்டிக்கிட்டே மாட்டினேன். பாவம், சீல் என்ன பண்ணும், குழாயே கோணலா இருந்தா?

டேப் போதும் இதுக்கு. வண்டி தரையில நிக்கட்டும். ரெண்டு பின் டயர்லயும் முன்பக்கம், ஹப் உயரத்துல, ஒரே வரிசைப் பள்ளத்துல சாக்பீஸ் புள்ளி வையுங்க. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல எவ்வளவுன்னு எழுதிக்கோங்க. அப்புறம் அந்தப் புள்ளிகள் பின்னால வர்ற வரைக்கும், அதாவது அரைச் சுத்து, வண்டியைத் தள்ளி மறுபடி அளங்க. அதே புள்ளியை அளக்கிறதால ரிம், ஷாஃப்ட் ஆட்டம் கணக்குல வராது. இந்த மாதிரி ஆக்சில்ல ரெண்டு அளவும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கணும். வித்தியாசம் நிறைய வந்தா குழாய் போச்சு.

ஷாஃப்டைக் கழட்டுற வழியையும் சொல்லிடறேன், எப்படியும் உதவும். ஃபிளேஞ்சுல இருக்கிற ஓட்டை வழியா சாக்கெட் விட்டா, பேரிங் பிளேட்டைப் பிடிச்சிருக்கிற 4 நட்டு வரும். அப்புறம் டிரம்மைத் திருப்பி மாட்டி, வீல் நட்டை ரெண்டு மூணு மரை மட்டும் ஏத்திட்டு, டிரம்மைப் பிடிச்சு உங்க பக்கம் வெடுக்குன்னு இழுங்க. டிரம்மே சுத்தியல் மாதிரி நட்டுல அடிச்சு ஷாஃப்டை வெளிய கொண்டு வரும். கழட்டுற பக்கம் உயரமா இருந்தா ஆயில் எதிர்ப்பக்கம் ஓடிரும், தரை நாறாது. ஷாஃப்ட் வந்ததும் ரெண்டு நட்டைத் திரும்பப் போட்டு பிரேக் பிளேட்டை நிறுத்திருங்க. இல்லன்னா அது பிரேக் பைப்புலயே தொங்கும்.

புது பேரிங் ஏத்தணும்னா லேத் பட்டறைக்குக் குடுத்துருங்க. குடுக்கும்போது அந்த பேரிங் பிளேட்டை முதல்ல ஷாஃப்ட்ல மாட்டிட்டுக் குடுங்க. பிளேட், அப்புறம் பேரிங், கடைசியா பேரிங்கை நகராம பிடிக்கிற வளையம். நான் ஒரு தடவை பிளேட்டை வீட்டு மேஜை மேலயே விட்டுட்டுப் போய் பேரிங்கை ஏத்திக் கொண்டுவந்தேன். மேஜையைப் பார்த்ததும் வந்த கோபத்தைச் சொல்ல வேண்டாம்.

கணக்கர்:
ஒரு விஷயம். அந்த ஆக்சிலை வாங்குறதுக்கு முன்னாடி கிரவுன் ரேஷியோ பாருங்க, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த புரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கத்துலேருந்து ஆக்சிலுக்கு வர்ற தண்டு) எத்தனை சுத்து சுத்துதுன்னு. ஒரே மாடல்லயே ரெண்டு விதம் வரும். ஒரு பக்கச் சக்கர ஃபிளேஞ்சை அசையாம பிடிச்சுக்கிட்டு, இன்னொரு பக்கத்தைச் சரியா 2 சுத்து சுத்துங்க. முன்னால புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டுற ஃபிளேஞ்ச் எத்தனை சுத்துதுன்னு எண்ணினா அதுதான் ரேஷியோ. 41க்கு 11 பல்லுன்னா 3.73, 37க்கு 9ன்னா 4.11. ஃபோர் வீல் வண்டியா இருந்தா முன்னும் பின்னும் ஒத்துப்போகலன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) காலி. உங்களுது பின்சக்கரம் மட்டும்ங்கிறதால தப்பிச்சீங்க, இழுவையும் வேகமும்தான் மாறும்.

சேத்துவண்டி:
அண்ணே, அளந்துட்டேன். முன்பக்கம் பின்பக்கத்தை விட 9 மி.மீ அதிகம். மூணு தடவை அளந்தேன், மூணும் அதேதான். கம்பி வச்சுப் பார்த்ததுல ஷாஃப்டும் ஆடுது. கிடைச்ச ஆக்சில்ல எண்ணினா 3 முக்கால் சுத்துக்குக் கொஞ்சம் கம்மி. என் வண்டியிலயும் அதே எண்ணிக்கை வருது. முழுசாவே இறக்கிடலாமா?

பட்டறைவாசி:
9ன்னா யோசிக்கவே வேணாம், இறக்குங்க. குழாய் பின்னால தள்ளிப் போயிருக்கு, அதான் முன்பக்கம் விரிஞ்சிருக்கு.

முதல்ல ஒண்ணு. பின்பக்கத்தைத் தூக்கினதும் ஹேண்ட் பிரேக், கியர் ரெண்டும் பொம்மை. ரெண்டும் பிடிக்கிறது பின்சக்கரத்தைத்தான், அது அந்தரத்துல இருக்கு. ஒரு பக்க ஷாஃப்டை மட்டும் உருவினாக்கூட இன்னொரு சக்கரத்தைக் கியர் பிடிக்காது, டிஃப்ரன்ஷியல் (ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கர அமைப்பு) சும்மா சுத்தும். அதனால முன்சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்டு ரெண்டும் ஸ்பிரிங் முன்கொக்கிக்கு முன்னால, சேஸிஸ்ல. ஜாக்கி மேல மட்டும் வண்டி நிக்கும்போது தலையை உள்ள விடாதீங்க.

ஆயில் வடிக்கிறதுக்கு முன்னாடி மேல ஊத்துற பிளக்கைக் கழட்டிப் பாருங்க. வடிச்சதுக்கு அப்புறம் அது வரலன்னா வண்டி அங்கேயே கிடக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளேஞ்சுல உளியால ஒரு கோடு போட்டு, திரும்ப அதே இடத்துல மாட்டுங்க. பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர் அடிப்பக்கம், கடைசியா ஆக்சிலை ஸ்பிரிங்கோட சேர்த்துக் கட்டியிருக்கிற யூ போல்ட், இந்த வரிசையில கழட்டுங்க. பழைய யூ போல்ட் நீண்டு போயிருக்கும், புதுசு வாங்கிருங்க. ஆக்சிலை இறக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேணும்.

புதுசை ஏத்தும்போது ஸ்பிரிங் சென்டர் போல்ட் தலை ஆக்சில்ல இருக்கிற குழியில சரியா உட்கார்ந்துச்சான்னு விரலால தடவிப் பாருங்க. யூ போல்ட்டைக் குறுக்கு மறுக்கா முறுக்குங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவை முறுக்கணும். ஷூ ஆயில் குடிச்சது, அதைப் பெட்ரோல்ல கழுவி மாட்டலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஹவுசிங் மேல இருக்கிற பிரீதரை (காத்துப் போக்கி) ஊதிப் பாருங்க. அது அடைச்சா உள்ள சூட்டுல காத்து விரிஞ்சு சீலைத் தள்ளும்.

சேத்துவண்டி:
முடிஞ்சது அண்ணே. தம்பியும் நானும் காலையில ஆரம்பிச்சு இருட்டுறதுக்குள்ள ஏத்திட்டோம். பாதி நேரம் துருப்பிடிச்ச பிரேக் பைப் நட்டு ஒண்ணுகூடவே போச்சு. வந்த ஆக்சில்ல பிரீதர் முழுக்கக் களிமண், குளவி கூடு கட்டியிருக்கு போல. குச்சியால குத்தி எடுத்தேன்.

பழைய ஹவுசிங்கைத் தரையில போட்டு இடது குழாய் மேல நேரான சட்டம் ஒண்ணை வச்சோம், நடுவுல இடைவெளி தெரியுது. டயரை மறுபடி அளந்ததுல வித்தியாசம் 1 மி.மீ. ரீங்காரம் போச்சு. பிரேக்ல காத்து எடுத்தாச்சு, பெடல் கெட்டியா நிக்குது. ஹேண்ட் பிரேக்தான் இன்னும் பத்துப் பல் மேல வந்துதான் பிடிக்குது. நாளைக்குக் கேபிளைப் பார்க்கணும்.