விஎஸ் கோடு: ஒரு பயனருக்கு மட்டும் நிறுவுவது டீஃபால்ட்டாக இருக்கலாமா?

லேப்காவலர்:
விண்டோஸில் விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் செயலி 2018 முதல் பயனருக்கு மட்டும் நிறுவும் பதிப்பையே முன்னால் வைக்கிறது. அட்மின் பாஸ்வேர்டு கேட்காமல் அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறையான ஆப்டேட்டாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சொந்த லேப்டாப்புக்குச் சரி. கல்லூரி லேபில் ஒரே கணினியில் பல மாணவர் கணக்குகள். ஆளாளுக்கு ஒரு பிரதி, ஒவ்வொன்றும் சில நூறு எம்பி, பதிப்பும் வேறு வேறு. அட்மின் மட்டும் எழுதக்கூடிய பொதுக் கோப்புறையான புரோகிராம் ஃபைல்ஸில் ஒருமுறை போட்டால் எல்லோருக்கும் ஒன்றே. டீஃபால்ட் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நிரலி:
சார், லேபைப் பார்த்துக்கொள்பவருக்கு எதை இறக்குவது என்று தெரியும்; எல்லோருக்கும் பொதுவாக நிறுவும் சிஸ்டம் பதிப்பும் அதே தளத்தில்தான் இருக்கிறது. டீஃபால்ட் என்பது தெரியாதவருக்கானது. அட்மின் உரிமை இல்லாத ஊழியரை ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஐடி பிரிவில் டிக்கெட் போடச் சொன்னால், பழைய பதிப்பிலேயே இருந்துவிடுவார். டிஸ்கில் இடம் போவதைவிடப் பாதுகாப்புத் திருத்தம் வராமல் போவதுதான் மோசம்.

கருவிப்பெட்டி:
அப்டேட்டுக்காக இடம் மாற வேண்டியதில்லை. பயர்பாக்ஸ் 2012-லேயே பின்னணியில் ஓடும் பராமரிப்புச் சேவையைக் கொண்டுவந்தது; புரோகிராம் ஃபைல்ஸில் இருந்தபடியே, யுஏசி எனப்படும் அட்மின் அனுமதியைக் கேட்காமல் புதுப்பித்துக்கொள்கிறது. ஆப்டேட்டாவில் உள்ள எக்ஸியையோ, அதாவது செயலியை ஓட்டும் கோப்பையோ, உங்கள் கணக்கில் ஓடும் எந்த நிரலும் மாற்றி எழுதலாம். அப்புறம் நீங்களே அதை அட்மினாகத் திறந்தால் முழுக் கணினியும் போச்சு.

நிரலி:
அட்மினாகத் திறக்கவே கூடாது, அதில் மறுப்பில்லை. அப்படித் திறந்தால் விஎஸ் கோடே அப்டேட்டை நிறுத்தி எச்சரிக்கிறது. ஆனால் கெட்ட நிரல் ஒன்று என் கணக்கில் ஓடத் தொடங்கிவிட்டால் என் கோப்புகள், பிரவுசர் குக்கீகள், சர்வர்களுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி எல்லாம் ஏற்கெனவே அதன் கையில். எக்ஸி மட்டும் பத்திரமாக இருந்து என்ன பயன்? உயர்ந்த உரிமையோடு ஓடும் அந்தச் சேவையிலும் ஓட்டை வரும். பயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவிடம் அதை அடைக்க ஆள் இருக்கிறது. இரண்டு பேர் எழுதும் கருவிக்கு யார் இருக்கிறார்கள்?

லேப்காவலர்:
லேபில் பயன் இருக்கிறது. எந்த நிரல் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கரின் டீஃபால்ட் விதிகள் சாதாரணப் பயனருக்குப் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் கோப்புறைகளில் உள்ள எக்ஸிகளை மட்டுமே ஓடவிடும். பென்டிரைவில் வருவது அதனால்தான் நிற்கிறது. ஆப்டேட்டாவைத் திறந்துவிட்டால் அந்தப் பூட்டே இல்லை.

நிரலி:
பாதையைத் திறக்க வேண்டாம். வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பத்தை வைத்து விதி எழுதுங்கள். அப்டேட் வந்தாலும் அதே விதி செல்லும்.

லேப்காவலர்:
விஎஸ் கோடுக்கு அது போதும், செய்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பேர் எழுதும் கருவிகளில் பலவற்றுக்குக் கையொப்பமே கிடையாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை வைத்து ஹாஷ் விதிதான் போட வேண்டும், அதுவும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புதிதாக. அவற்றை நான் புரோகிராம் ஃபைல்ஸில்தான் வைப்பேன்.