கடல் வாசகம்

குழு: நம் குடும்பம் (பினாங்கு – கேஎல் என்னும் கோலாலம்பூர்)

29 மார்ச் 2026, ஞாயிறு

[இரவு 8:12] மாமா: குருத்தோலைத் திருப்பலி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். கோயில் நிறைந்து வெளியே கூடாரம் வரை கூட்டம். பாட்டி ஓலையில் சிலுவை முடைந்து எல்லா வீட்டுக்கும் எடுத்து வைத்திருக்கிறார்.

[இரவு 8:15] மாமா: இன்னொரு செய்தி. ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் நம் கோயிலில் 11 பேர் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். போன வருடம் 6 பேர். இந்த முறை நம் வீட்டு மருமகளும் அதில் ஒருவர். ஆண்டவருக்கு நன்றி.

[இரவு 8:16] அம்மா: ஆமென்.

[இரவு 8:21] பெரியம்மா: கேட்கவே சந்தோஷம் தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருடத்து 6 பேரில் இப்போது ஞாயிறு தவறாமல் என் கண்ணில் படுவது 2 பேர்தான். மீதி 4 பேர் எங்கே?

[இரவு 8:23] மாமா: வேலைதான் காரணமாக இருக்கும் பெரியக்கா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஞாயிறும் ஷிப்ட் போடுகிறார்கள்.

[இரவு 8:30] பெரியம்மா: ஒருவருக்கு ஷிப்ட், சரி. இன்னொருவரை நான் மார்க்கெட்டில் பார்த்தேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "அன்று இரவு எல்லோரும் கை தட்டினீர்கள், படம் எடுத்தீர்கள். அடுத்த ஞாயிறு நான் உட்கார்ந்த பலகையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. நானும் அந்த ஞாயிறு அதே கோயிலில்தான் இருந்தேன்.

[இரவு 8:34] நான்: பெரியம்மா, அவரை எனக்கும் தெரியும். நான் வாசல் வரைக்கும் போய்ப் பேசினேன், அதோடு சரி. அது போதாது என்று இப்போது தெரிகிறது.

[இரவு 8:41] சித்தப்பா (கேஎல்): பெரிய அண்ணி சொல்வது எங்கள் லூத்தரன் பக்கத்துக்கும் பொருந்தும். வகுப்பு நடக்கும் வரை வாராவாரம் பார்க்கிறோம். ஞானஸ்நானம் ஆனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அவர்களுக்கு அன்றுதானே எல்லாம் தொடங்குகிறது?

[இரவு 8:47] பெரியம்மா: அதைத்தான் சொல்கிறேன். தவக்காலத்துக்கு 40 நாள் என்று எண்ணி எண்ணி இருக்கிறோம். உயிர்ப்புக்குப் பிறகு பெந்தகோஸ்து வரை 50 நாள் இருக்கிறது. அதை யார் எண்ணுகிறார்கள்? புதிதாக வந்தவர்களோடு கூட நடக்கத் திருச்சபை வைத்திருக்கும் நாட்களும் அவைதான். இந்த வருடம் மே 24 வரை அந்த 11 பேர் பக்கத்திலும் ஞாயிறுதோறும் ஓர் ஆள் உட்கார வேண்டும். நம் வீட்டிலிருந்து நான்கு பேர் பேர் கொடுங்கள். நான் ஃபாதரிடம் சொல்கிறேன்.

[இரவு 8:48] நான்: நான் அண்ணிக்கு ஞானத்தாய். எப்படியும் கூட இருப்பேன். வேறு ஒருவரையும் எனக்குக் கொடுங்கள்.

[இரவு 8:49] அண்ணன்: எனக்கும் ஒருவர்.

[இரவு 8:50] அம்மா: நானும். சபாவிலிருந்து வேலைக்கு வந்த அந்தப் பையனை எனக்குக் கொடுங்கள். மலாய்த் திருப்பலிக்குத் தனியாக வருகிறான்.

[இரவு 8:58] பெரியம்மா: அப்புறம் வாசகம். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கடல் வாசகத்தை இந்த முறை என்னால் படிக்க முடியாது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் 7. நேரம் போதவில்லை என்றால் சிலவற்றை விடலாம், செங்கடல் கடக்கும் வாசகத்தை மட்டும் விடவே கூடாது. நான்கு மொழித் திருப்பலியில் அதுதான் தமிழுக்கு வந்திருக்கிறது. பாப்பா படிக்கட்டும்.

[இரவு 8:59] பாப்பா: பாட்டி!! எனக்குத் தமிழ் எழுத்து வராதே!

[இரவு 9:00] பாப்பா: ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதிக் கொடுத்தால் படிப்பேன். உறுதிப்பூசுதலின்போது மன்றாட்டை அப்படித்தானே படித்தேன்.

[இரவு 9:06] அண்ணி: நான் சொல்லித் தரட்டுமா பெரியம்மா? தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு வரி என்று வைத்தால் போதும்.

[இரவு 9:07] பெரியம்மா: நீயே படித்தால் இன்னும் நன்றாக இருக்கும் மா. ஆனால் வாசகம் முடிந்த பிறகுதான் உனக்கு ஞானஸ்நானம். அடுத்த வருடம் உனக்குத்தான்.

[இரவு 9:08] அண்ணி: பரவாயில்லை பெரியம்மா. பாப்பா வாயால் கேட்கிறேன்.

30 மார்ச், திங்கள்

[மாலை 6:20] பாப்பா: (குரல் பதிவு 1:10)

[மாலை 6:34] அண்ணி: நன்றாக இருக்கிறது பாப்பா. அவசரம் மட்டும் வேண்டாம். "இரவு முழுவதும்" என்ற இடத்தில் முழுவதும் என்பதை நிறுத்திச் சொல். நாக்கை மடித்து ழு. அந்தச் சொல்லை விழுங்கிவிடாதே.

[மாலை 6:35] பாப்பா: ஏன் அத்தை அதற்கு மட்டும்?

[மாலை 6:44] அண்ணி: நான் சின்ன வயதில் டிவியில் பார்த்தபோது மோசே கை நீட்டுவார், கடல் சட்டென்று இரண்டாகப் பிளக்கும். வேதாகமத்தில் அப்படி இல்லை. கிழக்கிலிருந்து காற்று இரவு முழுவதும் அடிக்கிறது. பின்னால் படை நிற்கிறது, முன்னால் தண்ணீர், இருட்டு. அந்த ஜனங்கள் அந்த இரவில் காற்றைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு நான் கோயிலில் கடைசிப் பலகையில் உட்கார்ந்தேன். ஆறு வருடம் ஆகிறது. யாரும் என்னை வா என்று இழுக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எனக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழி தெரிந்தது. அதனால்தான் அந்தச் சொல் எனக்கு வேண்டும் பாப்பா.

[மாலை 6:46] பாப்பா: சரி அத்தை. மறுபடியும் அனுப்புகிறேன்.

[மாலை 6:58] பாப்பா: (குரல் பதிவு 1:32)

[இரவு 7:15] அம்மா: நான் இரண்டையும் கேட்டேன். இரண்டாவது வேறு மாதிரி இருக்கிறது.

31 மார்ச், செவ்வாய்

[மதியம் 1:05] மாமா: ஞானஸ்நானப் பேர் இன்னும் பதியவில்லை என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். பாட்டி அன்னம்மாள் என்று வைக்கச் சொல்கிறார். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாராம்.

[மதியம் 1:40] அண்ணி: பாட்டியின் வேண்டுதலுக்கு நன்றி மாமா. ஜூலை 26 திருவிழாவுக்கு பாட்டியை நானே கூட்டிப் போகிறேன். ஆனால் பேரை மாற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். ஃபாதரிடம் கேட்டேன், சொந்தப் பேரிலேயே ஞானஸ்நானம் பெறலாம் என்றார்.

[மதியம் 1:42] மாமா: புனிதர் பேர் வைப்பதுதானே நம் வழக்கம் மா?

[மதியம் 1:55] அண்ணி: வழக்கத்தைக் குறை சொல்லவில்லை மாமா. யோவான் 20 படித்துக்கொண்டிருந்தேன். மகதலா மரியா கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறார். ஆண்டவர் எதிரிலேயே இருக்கிறார், தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார். எப்போது தெரிகிறது? "மரியா" என்று கூப்பிட்டபோது. அது அவருடைய அம்மா வீட்டில் எல்லோரும் கூப்பிட்ட பேர். உயிர்த்த ஆண்டவர் அவருக்குப் புதுப் பேர் கொடுக்கவில்லை. என் அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது. அவர் வைத்த பேரைச் சொல்லி ஆண்டவர் என்னைக் கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்ப்பேன்.

[மதியம் 2:20] மாமா: பாட்டியிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவள் பேருக்கு என்ன குறை? அப்படியே இருக்கட்டும்" என்றார்.

[மதியம் 2:24] நான்: அண்ணி, மகதலா மரியாவின் ஜூலை 22 நினைவை 2016இல் போப் பிரான்சிஸ் திருத்தூதர்களுக்கு உள்ளதைப் போல விழாவாக உயர்த்தினார். அது உங்கள் நாளாக இருக்கட்டும்.

2 ஏப்ரல், பெரிய வியாழன்

[இரவு 10:50] அண்ணன்: பாதம் கழுவும் சடங்கு முடிந்து ஆராதனையில் இருந்துவிட்டு வெளியே வந்தோம். நிலா முழுதாக இருக்கிறது.

[இரவு 10:58] அண்ணி: அம்மாவுக்கு போன் செய்தேன். பங்குனி உத்திரத்துக்கு நேற்று முருகன் கோவிலுக்குப் போய் வந்தாராம். உங்கள் ஈஸ்டர் மட்டும் ஏன் வருடா வருடம் தேதி மாறுகிறது என்று கேட்டார். எங்களுடையதும் நிலாக் கணக்குதான் அம்மா, மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்றேன். "அப்படியா, நம் கணக்கு மாதிரிதான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

[இரவு 10:59] அம்மா: வருகிறாரா!

[இரவு 11:00] அண்ணி: வருகிறார் அத்தை.

[இரவு 11:04] அம்மா: எல்லோரும் கேளுங்கள். சம்பந்தியம்மாவை யாரும் எதற்கும் வற்புறுத்தக் கூடாது. என் பக்கத்தில், நடைபாதை ஓரமாக உட்காரட்டும். சனிக்கிழமை சைவம் சாப்பிடுபவர். மீ கோரெங் நூடுல்ஸில் முட்டை இல்லாமல் தனியாக ஒரு பொட்டலம் நானே கட்டி எடுத்து வருகிறேன்.

3 ஏப்ரல், பெரிய வெள்ளி

[காலை 7:30] அண்ணன்: லீவு எடுத்துவிட்டேன். சபா, சரவாக்கில் இன்று பொது விடுமுறை, இங்கே இல்லை. என் கூட வேலை செய்யும் கூச்சிங் நண்பர் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லி வருந்துகிறார். அவரையும் 3 மணி வழிபாட்டுக்குக் கூட்டி வருகிறேன்.

[மாலை 5:40] பெரியம்மா: கஞ்சி மிச்சம் இருக்கிறது. வருபவர்கள் வரலாம்.

4 ஏப்ரல், சனி

[காலை 9:10] மாமா: நாளை செங் பெங், சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். பத்து லஞ்சாங் கல்லறைப் பக்கம் இன்றே நெரிசல். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறுபவர்கள் சீக்கிரம் கிளம்புங்கள். 8 மணிக்கு வெளியே நெருப்பு மந்திரிப்பு.

[காலை 9:18] அம்மா: பக்கத்து வீட்டுச் சீன அக்கா மாமியார் கல்லறைக்குப் பூவும் பழமும் வாங்கி வைத்திருக்கிறார். விடியும் முன்னே போய்விடுவாராம். நம் வேதாகமத்துப் பெண்களும் அப்படி விடியற்காலையில் ஆண்டவரின் கல்லறைக்குப் போனவர்கள்தானே.

[காலை 10:02] மாமா: பாஸ்கா திரியைப் படம் எடுத்து அனுப்புகிறேன். நடுவில் சிலுவை, நான்கு மூலையிலும் 2, 0, 2, 6. ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணி.

[காலை 10:05] பாப்பா: மேலேயும் கீழேயும் இருக்கும் எழுத்து என்ன?

[காலை 10:07] அண்ணி: கிரேக்கத்தில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். நம் திருவிவிலியத்தில் அதை அகரமும் னகரமும் என்று போட்டிருக்கிறார்கள்.

[காலை 10:08] பாப்பா: ன-தான் தமிழில் கடைசி எழுத்தா? இத்தனை நாள் தெரியாது.

[காலை 10:30] மாமா: பாட்டி சொல்வதை எழுதுகிறேன். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பூசையைச் சனிக்கிழமை காலையில் வைப்பார்கள். வெயிலில் திரி எரிவதே தெரியாது. 1956இல் ரோமாபுரியிலிருந்து சட்டம் மாறி இரவுக்கு வந்தது. எனக்கு அப்போது 14 வயது. இருட்டுக் கோயிலுக்குள் அந்த ஒரு வெளிச்சம் நுழைந்ததை முதல் தடவை பார்த்தேன். இன்னும் கண்ணில் நிற்கிறது. பாப்பா, வெளிச்சம் உன் கைக்கு வந்த பிறகு பயப்படாமல் படி."

[மாலை 6:45] அண்ணி: போனை அணைக்கிறேன். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

[இரவு 11:38] சித்தப்பா (கேஎல்): முடிந்ததா? நாங்கள் விடியற்காலை ஆராதனைக்கு 4 மணிக்கே எழ வேண்டும், ஆனால் தூக்கம் வரவில்லை.

[இரவு 11:52] நான்: முடிந்தது சித்தப்பா. ஃபாதர் அண்ணியின் பேரைச் சொல்லி மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். நான் தோளில் கை வைத்திருந்தேன், என் கைதான் நடுங்கியது. அண்ணன் பாஸ்கா திரியிலிருந்து மெழுகுதிரியை ஏற்றிக் கொடுத்தார். பேச்சே வரவில்லை அவருக்கு.

[இரவு 11:55] நான்: பாப்பா ரூமித் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினாள். தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்தே படித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது, நின்று, திரும்பப் படித்தாள். "இரவு முழுவதும்" வந்தபோது சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

[இரவு 11:57] பெரியம்மா: நான் கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

5 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

[காலை 7:02] சித்தப்பா (கேஎல்): ஆண்டவர் உயிர்த்தெழுந்தார்!

[காலை 7:03] மாமா: மெய்யாகவே உயிர்த்தார், அல்லேலூயா! பாட்டியும் சொல்கிறார்.

[காலை 8:20] பெரியம்மா: அடுத்த ஞாயிறு 9 மணித் திருப்பலி. பேர் கொடுத்தவர்கள் பத்து நிமிடம் முன்னால் வாசலில் நில்லுங்கள். அந்தச் சபா பையனின் போன் எண்ணை உங்கள் அம்மா நேற்றே வாங்கிவிட்டாள். மார்க்கெட்டில் பார்த்தவர் வீட்டுக்கு நான் இன்று மாலை முட்டையும் கேக்கும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

[காலை 9:15] அண்ணி: எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. வெள்ளை உடையை மடித்து வைக்க மனமில்லாமல் நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறேன்.

[காலை 9:21] அண்ணி: பாப்பா, இன்று காலை காப்பி குடிக்கும்போது அம்மா ஒன்று கேட்டார். "அந்தப் பெண் படித்தாளே, கடலைத் தாண்டிப் போனார்களே, பிள்ளைகுட்டிகளோடு. அந்தப் பக்கம் போய் என்ன சாப்பிட்டார்கள்?"

[காலை 9:24] பாப்பா: பாட்டியிடம் கேட்டேன் அத்தை. அது 16ஆம் அதிகாரமாம், மன்னா. உங்கள் அம்மா இன்னும் எத்தனை நாள் இருப்பார்?

[காலை 9:25] அண்ணி: புதன்கிழமை வரை.

[காலை 9:26] பாப்பா: செவ்வாய் சாயங்காலம் வருகிறேன். நானே படித்துக் காட்டுகிறேன்.