பிசினஸ் இன்டெலிஜென்ஸ்: நுண்ணறிவா, தெளிவா?

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நிறுவனத்தின் தரவுகளைத் திரட்டி, முடிவெடுக்க உதவும்படி காட்டும் 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்பதற்கு நாம் எழுதிவரும் 'வணிக நுண்ணறிவு' போன வாரம் என் காலை வாரிவிட்டது.

இங்கே பெங்களூரு பீன்யாவில் பம்பு உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறை. முதலாளி கோவைக்காரர். விற்பனை, இருப்பு, நிலுவை மூன்றையும் பவர் பிஐ என்ற மென்பொருளில் ஒரே திரையில் கொண்டுவந்து, "இதற்குப் பெயர் வணிக நுண்ணறிவு" என்று பெருமையோடு தொடங்கினேன். "அப்படியானால் இது சொல்கிறபடியே கொள்முதல் செய்துவிடலாமா தம்பி?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கணக்காளர் எழுந்துவிட்டார். மார்ச் மாத விற்பனை திரையில் காட்டியதைவிட அவர் ஏட்டில் ஐந்து லட்சம் குறைவு. அரை மணி நேரம் தேடினோம். நான் பில் போட்ட நாளைக் கணக்கில் எடுத்திருக்கிறேன். அவர் சரக்கு லாரி ஏறிய நாளை. ஆண்டுக்கணக்கு முடிக்கும் அவசரத்தில் மார்ச் 31 அன்று பில் போட்டு, ஏப்ரல் 2 அன்று அனுப்பிய சரக்குதான் அந்த ஐந்து லட்சம். எது விற்பனை என்பது கருவிக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அதற்குத் தெரியாது. அதைப் போய் நுண்ணறிவு என்கிறோம்! 'செயற்கை நுண்ணறிவு' வேறு நிலைத்துவிட்டதால் குழப்பம் இரட்டிப்பு.

இந்த 'இன்டெலிஜென்ஸ்' முதலில் அறிவே அல்ல, செய்தி. ரிச்சர்ட் மில்லர் டெவன்ஸ் 1865-இல் இச்சொற்றொடரை எழுதியபோது, போர்ச் செய்திகளை மற்றவர்களுக்கு முந்தித் தெரிந்துகொண்டு லாபம் பார்த்த ஹென்றி ஃபர்னீஸ் என்ற வங்கியாளரைப் பற்றித்தான் சொன்னார். நம் காவல்துறையின் 'நுண்ணறிவுப் பிரிவு' செய்யும் வேலை! 1958-இல் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் கட்டுரை எழுதியதும், உரிய ஆவணம் உரிய ஆளிடம் போய்ச் சேரும் ஏற்பாட்டைப் பற்றித்தான். 1989-இல் ஹோவர்ட் டிரெஸ்னர் இன்றைய பொருளில் பரப்பினார்.

ஆகவே 'வணிகத் துப்பு' அல்லது 'வணிகத் தெளிவு'. என்ன சொல்கிறீர்கள்?

– பீன்யாவிலிருந்து

* * *

அன்புத் தம்பிக்கு,

'வணிகத் துப்பு' என்று அலுவலகச் சுவரில் எழுதிப் பாருங்கள். 'இங்கே' என்ற சொல் விட்டுப்போயிற்று என்று எண்ணி மூலையைத் தேடுவார்கள். வேண்டாம்.

உண்மையில் பொருத்தமான சொல் நம்மிடம் இருந்தது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' (குறள் 671). சூழ்ச்சி என்றால் கூடி ஆராய்தல். துணிவு என்றால் முடிவெடுத்தல். உங்கள் கருவி சூழ்ச்சிக்குத்தான் துணை, துணிவு முதலாளியுடையது. எவ்வளவு துல்லியம் பாருங்கள்! ஆனால் இன்று 'வணிகச் சூழ்ச்சிக் கருவி' விற்கிறேன் என்றால் வருமான வரித்துறைதான் முதலில் கதவைத் தட்டும். கெட்டுப்போன சொல்லைக் கழுவி எடுக்க எனக்கு வயதில்லை. தெளிவே இருக்கட்டும்.

– மல்லேசுவரத்திலிருந்து

* * *

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். எனக்குத் தெளிவில் ஐயம்.

தெளிவு என்பது வேலை முடிந்தபின் கிடைப்பது. நாங்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் பத்து மணி நேரம் செய்வது, நான்கு மென்பொருள்களிலிருந்து தரவை இழுத்து, ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பதைச் சேர்த்து, தரவுக்கிடங்கில் அடுக்குவது. பெரும்பாலும் துப்புரவுப் பணி. மேலும், கலைச்சொல் என்றால் கிளைக்க வேண்டும். முக்கிய எண்களை ஒரே பார்வையில் காட்டும் திரையான 'டேஷ்போர்டு'க்கு என்ன செய்வீர்கள்? முதலில் குதிரை வண்டியில் சேறு தெறிக்காமல் தடுத்த பலகைக்குத்தான் அந்தப் பெயர். அப்படியே மொழிபெயர்த்தால் 'சேற்றுத் தடுப்பு'. (எங்கள் மேலாளர் கூட்டங்களுக்குப் பொருந்தும் என்பது வேறு.) 'தரவறிவு' என்று வைத்தால் தரவறிவுக் கருவி, தரவறிவாளர் என்று தடையின்றி வருமே.

* * *

அக்கா, 'தரவறிவு' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலும் 'அறிவு' ஒட்டிக்கொண்டே வருகிறது. தரவுக்கே அறிவு இருப்பதாக முதலாளி எடுத்துக்கொள்வார். தெளிவு வேலை முடிந்தபின் கிடைப்பது என்கிறீர்கள். விற்பவர்கள் வேலையின் பெயரைவிடப் பயனின் பெயரைத்தானே பலகையில் எழுதுகிறார்கள்?

நேற்று மறுபடி பட்டறைக்குப் போனேன். திரையின் மூலையில் 'விற்பனை: சரக்கு ஏறிய நாள்படி' என்று ஒரு வரி சேர்த்தாயிற்று; கணக்காளர் எழுத்தெழுத்தாக வாசித்துத் தலையசைத்தார். பெயரையும் மாற்றிவிட்டேன், இது 'வணிகத் தெளிவு' என்றேன். "தெளுவா? பீன்யாவில் பனைமரம் ஏது தம்பி?" என்று முதலாளி குலுங்கிச் சிரித்தார். (கொங்கு வழக்கில் தெளுவு என்றால் பதநீர், வெளியூர் நண்பர்களுக்காக.)

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் கணக்காளரிடம் சொல்வது கேட்டது: "அந்தத் தெளிவுத் திரையைக் கொஞ்சம் திறங்கள், நிலுவையைப் பார்க்கலாம்."

டேஷ்போர்டுக்குத் தனி இழை தொடங்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.