ஐந்து பேர் வீடு, சாப்பாட்டுச் செலவுக்கு 9,000: பாதி மாதத்திலேயே கவர் காலி

திருவெறும்பூர் அம்மு:

எல்லோருக்கும் வணக்கம். மனசுக்குள் போட்டுப் புழுங்குவதைவிட அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வீட்டில் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், மாமியார், எட்டாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். அவர் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். சம்பளம் 7-ஆம் தேதி. வாடகை, பள்ளிக்கூட வேன், சீட்டு எல்லாம் எடுத்து வைத்த பிறகு சாப்பாட்டுச் செலவுக்கு 9,000 ரூபாயை ஒரு கவரில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பேன். மூன்று மாதமாக 22-ஆம் தேதி வாக்கில் அந்தக் கவர் காலியாகிவிடுகிறது. அப்புறம் சீட்டுக்கு வைத்த பணத்தில் கை வைக்கிறேன். போன மாதம் சீட்டுப் பணத்தை ஐந்து நாள் தாமதமாகக் கட்டி, நாலு பேர் முன்னால் பேச்சு வாங்க வேண்டியதாயிற்று.

அந்த வேகத்தில் ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைத்தேன். கடையில் மாதச் சாமான் 5,100. பால் தினமும் மூன்று அரை லிட்டர் பாக்கெட், 22 ரூபாய் வீதம் 1,980. காய்கறியும் பழமும் 2,300. கறி, மீன், முட்டை 1,900. மீதி 1,960 ரூபாய் இடையில் வாங்கியது. மாவு பாக்கெட், பிரெட், பிஸ்கட், திடீரென்று தீர்ந்துபோன எண்ணெய், செல்போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிற சில்லறைச் சாமான். கூட்டினால் 13,240.

நாங்கள் ஓட்டலுக்குப் போயே ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிள்ளைகளின் பாலையும் முட்டையையும் குறைக்க மனசு வரவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் காய் நிறைய வேண்டும். ரேஷன் அட்டை வீட்டுக்காரரின் ஊரில், மணப்பாறையில் இருப்பதால் அதுவும் வாங்குவதில்லை. எங்கே பிடித்து நிறுத்துவது என்று தெரியவில்லை. சொல்லுங்கள்.

உறையூர்க்காரி:

தங்கச்சி, முதலில் பாலிலும் முட்டையிலும் கை வைக்காதீர்கள். வளரும் பிள்ளைகள் வாயில் போகிற பொருள் கணக்கில் கடைசியாகக் குறைய வேண்டியது.

அந்த 9,000 எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? மற்றதெல்லாம் எடுத்து வைத்த பிறகு கையில் நின்ற பணம் அது. உங்கள் வீடு என்ன சாப்பிடுகிறது என்பதை வைத்துப் போட்ட தொகை இல்லை. என் வீட்டுக்காரர் தறி நெய்தவர். வாரக்கூலி. நானும் பல வருஷம் இப்படித்தான் மிச்சம் நிற்கிற பணத்தைச் சாப்பாட்டுக்கு என்று வைத்துவிட்டு, வாரக் கடைசியில் பக்கத்து வீட்டில் கால் படி அரிசி கைமாற்று வாங்குவேன். அந்த நிலைமையை மாற்றியது ஒரு பால்பாயிண்ட் பேனாதான்.

ஒவ்வொரு பொருளையும் பிரிக்கிற அன்றைக்கு அந்த டப்பாவில் தேதி எழுதி ஒட்டினேன். துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், புளி, எதையும் விடவில்லை. தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறிப்பேன். இரண்டே மாதத்தில் வீடு கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் எங்கள் நான்கு பேருக்கு எட்டு நாள்கூட வரவில்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. அப்படிப் பார்த்தால் பதினைந்து நாள் வர வேண்டும். எங்கே போகிறது என்று பார்த்தால், வடை, அப்பளம் சுட்ட எண்ணெய் வாணலியிலேயே நின்று கருகி, மறுநாள் கொட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் குழிந்த சின்ன இரும்பு வாணலி ஒன்று வாங்கினேன். கால் லிட்டர் ஊற்றினாலே அப்பளம் மூழ்கும். மிச்சத்தை வடிகட்டி அடுத்த நாள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவேன்.

உங்கள் கணக்கில் என் கண்ணில் குத்துவது அந்த 1,960. அதில் மாவு பாக்கெட் எத்தனை? ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு ஆட்டினால் இரண்டரை கிலோ மாவுக்குக் குறையாது. அதையே பாக்கெட்டாக வாங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் களைப்பாக இருக்கும், தெரியும். நான் புதனும் ஞாயிறும் மட்டும் ஆட்டுவேன். மதியம் ஊறப்போட்டுவிட்டால் சாயங்காலம் கிரைண்டர் அதுபாட்டுக்கு ஓடும்.

அப்புறம் ரேஷன். அட்டை மணப்பாறையில் இருந்தால் என்ன? 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். அட்டையில் பெயர் உள்ள யாராவது ஒருவர் போனால் போதும். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25, அரிசி இலவசம். ரேஷன் புழுங்கல் அரிசியை நன்றாகக் களைந்து, ஐந்தாறு தண்ணீர் மாற்றி, இட்லிக்குப் போடுங்கள். பூப்போல வரும். சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுக்குப் பிடித்த அரிசியையே வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வீட்டில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

காய்க்கு நான் தென்னூர் உழவர் சந்தைக்குப் போகிறேன். உங்களுக்கு எது பக்கமோ அங்கே போங்கள். வாசலில் அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் என்ன குழம்பு என்று முடிவு செய்வேன். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, எலுமிச்சை ரசம் என்றே ஓட்டினோம். யாரும் குறையாகச் சொல்லவில்லை.

பழைய கடைக்காரர்:

அம்மு, 26 வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவன் நான். கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கடன் நோட்டுப் போட்டு வாங்குகிற வீடுகள் விலை கேட்பதில்லை. கையில் காசு கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். நீங்கள் கடையில் நோட்டு வைத்திருந்தால் அதை மூடுங்கள். செல்போனில் வாங்குவதும் அதே மாதிரிதான். இருபது ரூபாய்க் கொத்தமல்லிக்கு டெலிவரிக் காசு கட்ட வேண்டாம் என்று இன்னும் நாலு பொருளைச் சேர்த்துப் போடுவீர்கள்.

உங்கள் 5,100-க்குள் சோப்பு, சலவைத்தூள், பேஸ்ட், ஷாம்பு இருக்கிறதா? இருந்தால் தனியாகப் பிரித்து எழுதுங்கள். அவை கலந்திருந்தால் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்றே தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பேஸ்ட், ஷாம்புக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, நெய் வெண்ணெய்க்கு 12-லிருந்து 5. பழைய பில்லை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாக்கெட்டில் எம்ஆர்பி பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று போட்டிருக்கும். பெரிய பாக்கெட்தான் லாபம் என்று நினைத்து எடுக்காமல் அதைப் பாருங்கள். சில சமயம் சின்னது இரண்டு வாங்குவது மலிவாக இருக்கும். எண்ணெய்ப் பாக்கெட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். சிலது 1 லிட்டர், சிலது 910 கிராம், சிலது அதற்கும் குறைவு. உறை மட்டும் ஒரே உயரத்தில் இருக்கும்.

புளியும் மிளகாயும் மாதாமாதம் வாங்காதீர்கள். மாசி பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை நீக்கிய புளியை வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவி மண்பானையில் அழுத்தி வைத்தால் அடுத்த வருஷம் வரை கெடாது. ராமநாதபுரம் குண்டு மிளகாயும் அப்போதுதான் வரத்து. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் சேர்த்து மில்லில் அரைத்து வைத்துக்கொண்டால் மசாலாப் பாக்கெட் பக்கமே போக வேண்டாம். அந்த ஒரு மாதம் செலவு ஏறும். அதற்குத் தையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்க வேண்டும்.

எண்ணெய் விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று நிறையப் பேர் கடைக்காரனைத் திட்டுவார்கள். சூரியகாந்தியும் பாமாயிலும் வெளிநாட்டுச் சரக்கு. சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் மொத்தமாக 27.5 சதவீதம் வரை போனது, 2025 மே கடைசியில்தான் 16.5-க்கு இறங்கியது. கடைக்காரன் கையில் அதில் ஒன்றுமில்லை.

பெல்நகர் பேச்சிலர்:

நான் தனி ஆள், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த டெலிவரி ஆப்பை அழிக்க மனசு வராவிட்டால், அதில் சேமித்து வைத்த கார்டையும் யூபிஐயையும் மட்டும் எடுத்துவிடுங்கள். பணம் கட்ட எழுந்து போய் நம்பர் பார்க்க வேண்டும் என்றாலே பாதி ஆர்டர் நின்றுவிடும். எனக்கு நின்றது.

திருவெறும்பூர் அம்மு:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், எழுதிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இருந்தேன்.

மளிகை ரேஷனோடு சேர்த்து 4,280. பால் அதே 1,980. காய்கறி 1,850. கறி, மீன், முட்டை அதே 1,900. இடையில் வாங்கியது 610. மொத்தம் 10,620. போன மாதத்தைவிட 2,620 குறைவு. 9,000-க்குள் வரவில்லைதான். ஆனால் அக்கா கேட்ட கேள்விக்குப் பிறகு அந்த 9,000-ஐ நானே விட்டுவிட்டேன். கவரில் இனி 10,500. இப்போதைய சீட்டு தையில் முடிகிறது. அடுத்ததில் சேரும்போது சின்னச் சீட்டாகச் சேரலாம் என்று வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்.

ரேஷன் கடையில் முதல் தடவை “அட்டை இந்தக் கடை இல்லையே” என்றுதான் சொன்னார்கள். எந்தக் கடையிலும் வாங்கலாமே என்று மாமியார் நிதானமாகக் கேட்டதும், மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். வந்துவிட்டது. மாவு இரண்டு தடவை ஆட்டினேன், முதல் தடவை புளிக்கவே இல்லை. இரண்டாவது தடவை மாமியார் கையால் கரைத்து வைத்தார், மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது.

அண்ணே, சோப்பு வகையறாவைத் தனியாகப் பிரித்தால் அதுவே 740 ரூபாய் இருக்கிறது. இவ்வளவு நாள் அதையும் பருப்பு அரிசி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பங்குனியில் ஐந்து பேர் வீட்டுக்கு எத்தனை கிலோ மிளகாய், எத்தனை கிலோ மல்லி வாங்க வேண்டும்?

பழைய கடைக்காரர்:

உங்கள் வீட்டுக் காரத்தைப் பொறுத்தது. இப்போது மாதத்துக்கு மிளகாய்த்தூள் எத்தனை கிராம் போகிறது என்று அக்கா சொன்ன மாதிரி தேதி போட்டு வையுங்கள். மாசியில் வந்து அந்த எண்ணைச் சொன்னால் கணக்குப் போட்டுத் தருகிறேன். முதல் வருஷம் ஆறு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். வண்டு வராமல் வைக்கப் பழக வேண்டும்.

திருவெறும்பூர் அம்மு:

சரி அண்ணே, இன்றைக்கே ஒட்டிவிடுகிறேன். அக்கா, எண்ணெய் டப்பாவில் எழுதின தேதி 9. இன்றைக்கு 20. அடியில் இன்னும் இரண்டு விரற்கடை நிற்கிறது.