பணியில் சேருமுன் மனம் மாறினால் பாண்ட் தொகையைக் கட்டியே ஆக வேண்டுமா?

கேள்வி: கடலூர் செவிலியர்

பி.எஸ்சி. நர்சிங் முடித்த நான், புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பணி உத்தரவை ஏற்று, இரண்டு ஆண்டுகள் வேலை பார்ப்பேன், இடையில் விலகினால் ஒரு லட்சம் ரூபாய் தருவேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு, அசல் சான்றிதழ்களையும் ஒப்படைத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். இதற்கிடையில் அரசுப் பணிக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்திருக்கிறது. பணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்கிறது மருத்துவமனை. கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

பதில்: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

கடன் வாங்க வேண்டாம், சகோதரி. கையெழுத்திட்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. பொறுப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வந்து வேலை பார்த்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. இழப்பீட்டுக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு பொருந்தும். பத்திரத்தில் எழுதிய ஒரு லட்சம் உச்சவரம்பு மட்டுமே என்றும், அதற்குள் நியாயமான தொகையைத்தான் கோர முடியும் என்றும் 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. உங்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூட அளிக்காதவர்கள் முழுத் தொகையை நியாயப்படுத்துவது கடினம். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல. அதைப் பிணையாகப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமையில்லை. எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம்.

பதில்: மேட்ரன், புதுச்சேரி

ஐயா சொன்னது சரி. ஆனால் பாண்ட் எதுவுமே செல்லாது என்று சிலர் சொல்வதை நம்பிவிடாதே, அம்மா. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அது பொதுத்துறை வங்கியாக இருந்தது. ஆளெடுப்புச் செலவும் பெரிது. இருந்தாலும் அலட்சியம் கூடாது. இன்னொன்றையும் நினைத்துப் பார். ஐ.சி.யூ.வில் டூட்டி போட்ட பிறகு ஒருவர் வராவிட்டால், நைட் முடித்த பெண்ணே காலை டூட்டியையும் பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் களைப்பில் ஊசி மருந்தின் அளவு தவறினால் பாதிக்கப்படுபவர் நோயாளி. எனவே இன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் சேர இயலாது என்று தெரிவித்துவிடு. அவர்கள் வேறு ஆள் பார்க்க அவகாசம் கிடைத்தால், இழப்பு என்று காட்ட அவர்களிடமும் அதிகம் இருக்காது.

பதில்: நெல்லிக்குப்பம் வாசகர்

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது பணி உத்தரவு, பத்திரத்தின் நகல், சான்றிதழ்களை ஒப்படைத்ததற்கான ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ரசீது தரவில்லையெனில், அவை தங்களிடம் இருப்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.