புதுப்பிப்பு: திசையன்விளை ‘விண்கல்’ என்ன ஆச்சு?

போன மாதம் கேட்டிருந்தேன்: திசையன்விளைப் பக்கம் விளையில் (தோட்டத்தில்) விழுந்தது என்று ஒருவர் 412 கிராம் கறுப்புக் கல்லை 18,000 ரூபாய்க்குத் தருகிறார், காந்தம் நன்றாக ஒட்டுகிறது, வாங்கலாமா என்று. வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

விண்கல் இல்லை. மேக்னடைட், நம்மூர் இரும்புத் தாது.

முதலில் டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் உரசினேன். பென்சில் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடு. விண்கல் பெரும்பாலும் கோடே விடாது, விட்டாலும் மங்கல்தான். சந்தேகம் தீர்ந்தது அண்ணாச்சி ஒருவர் சொன்ன தண்ணீர் எடையில். சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் தொடாமல் முக்கினேன். 82 கிராம் காட்டியது. அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. 412-ஐ 82-ஆல் வகுத்தால் சுமார் 5, அதாவது அதே அளவு தண்ணீரைவிட 5 மடங்கு கனம். சாதாரணக் கல் வகை விண்கல் 3.0 முதல் 3.8 வரை, இரும்பு விண்கல் 7-க்கு மேல். மேக்னடைட் 5.2 அளவில் இருக்கும், இதில் வேறு கல்லும் கொஞ்சம் கலந்திருக்கும். காந்தம் மூன்றிலும் ஒட்டும், அதனால்தான் ஏமாந்தேன்.

எதிர்பாராத ஒன்று: வானிலிருந்து விழும்போது ‘எரிந்த மேல்தோல்’ என்று விற்க வந்தவர் காட்டிய பளபளப்பு தின்னர் தொட்ட பஞ்சில் கறுப்பாக வந்துவிட்டது. பெயின்ட்!

முன்பணம் 2,000-இல் பாதிதான் திரும்பியது. அப்புறம், நியோடிமியம் என்ற மிகப் பலமான காந்தத்தை நிஜ விண்கல்லாக இருக்கக்கூடிய கல்லில் வைக்காதீர்கள். கல்லுக்குள் ஆதியில் பதிந்த காந்தத் தடம் அழிந்துவிடும். நூலில் தொங்கவிட்ட சின்னக் காந்தம் போதும்.