126 ரஃபேல்: கிழித்தது ஒப்பந்தத்தையா, டெண்டரையா?

கணக்குப்பிள்ளை: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார், "126 ரஃபேல் போர் விமான ஒப்பந்தத்தை 2015-இல் கிழித்துப் போட்டதால்தான் பழைய மிக்-21 போர் விமானம் 2025 செப்டம்பர் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது" என்று. படித்ததும் குடித்த டீ கசந்துவிட்டது. எந்த ஒப்பந்தம் ஐயா? 2007-இல் டெண்டர், 2012 ஜனவரியில் ரஃபேலைச் செய்யும் பிரெஞ்சு நிறுவனம் டசோதான் குறைந்த விலை என்று அறிவிப்பு, அப்புறம் மூன்று வருடம் வெறும் பேச்சு. கையெழுத்து எங்கே?

சூலூர்க்காரன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 18 விமானம் முழுதாக அங்கிருந்து வரும், மீதி 108 நம் அரசு விமான நிறுவனம் எச்ஏஎல்லில் செய்வது என்று ஏற்பாடு. 2014 மார்ச்சில் டசோவும் எச்ஏஎல்லும் வேலைப் பங்கீட்டுக்குக் கையெழுத்துப் போட்டார்களே, அது என்ன மொய்க் கணக்கா? 2015 மார்ச்சில் டசோ தலைவரே 95 சதவீதம் முடிந்தது என்றார். மறு மாதம் பாரிஸில் 126-க்குப் பதில் 36 என்று அறிவித்தாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை: 95 சதவீதக் கல்யாணம் என்று எங்கள் ஊரில் கிடையாது. பத்திரிகை அடிக்கலாம், பந்தல் போடலாம், தாலி ஏறினால்தான் கல்யாணம். எச்ஏஎல் செய்யும் 108-க்கு டசோ பொறுப்பேற்குமா என்பதிலேயே முட்டிக்கொண்டு நின்றது தெரியாதா? 2015 ஜூலையில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பாரிக்கர் திரும்பப் பெற்றது டெண்டரை. டெண்டர். திரும்பச் சொல்கிறேன், டெண்டர்.

மாடப்புறா: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். விமானப்படையில் 42 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) இருக்க வேண்டிய இடத்தில் மிக்-21 போனபிறகு 29. 2021-இல் எச்ஏஎல் செய்யும் உள்நாட்டு விமானம் தேஜஸ் மார்க்-1ஏ 83, 2025-இல் இன்னும் 97 என்று ஆர்டர் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் வரத் தொடங்க வேண்டியவை, ஆனால் அவற்றுக்கான அமெரிக்க இன்ஜின்களில் முதலாவதே 2025 மார்ச்சில்தான் வந்தது. இதைப் பேசலாமே?

கணக்குப்பிள்ளை: பேசலாம் அம்மா, முதலில் அண்ணன் கையெழுத்தைக் காட்டட்டும்.

ஓடுபாதை: சூலூர்க்காரன் போன வாரமும் இப்படித்தான், மிக்-21-ஐ "62 வருடப் பழைய விமானம்" என்று எழுதினார். 1963-இல் வந்தது அந்த ரகம். கடைசியாகப் பறந்த பைசன்கள், அதாவது மேம்படுத்திய மிக்-21கள், நாசிக்கில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் செய்தவை. தாத்தா வயதைப் பேரன் தலையில் கட்டக்கூடாது.

சூலூர்க்காரன்: சரி, நாற்பது வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது என்ன இளமையா? நாற்பது வருடப் பேருந்தில் உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? நான் சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பின்னால் குடியிருக்கிறேன். மிக்-21 ஓட்டிக்கொண்டிருந்த 45-ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸோடு 2018-இல் இங்கே வந்தது. காலையில் அது கிளம்பினால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பழையதை மாற்றுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை: டம்ளர் ஆடினால் விமான நிபுணரா? அப்படியானால் ரயில்வே கேட் பக்கத்துப் பூக்காரம்மாதான் ரயில்வே வாரியத் தலைவர்.

சூலூர்க்காரன்: பூக்காரம்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? இதே ஆள்தான் பாலாகோட் திரியில் என்னோடு நாற்பது பதிவு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் "எனக்கு வேலை இருக்கிறது" என்று ஓடியது.

கணக்குப்பிள்ளை: ஓடவில்லை, பெண்ணுக்குப் பரீட்சை. இப்போது வேலை இல்லை, உட்கார்ந்தே இருக்கிறேன். 36-க்கு 2016 செப்டம்பர் 23 அன்று கையெழுத்து ஆனது, 787 கோடி யூரோ, 2020 ஜூலையில் முதல் ஐந்தும் அம்பாலா விமானப்படைத் தளத்தில் இறங்கின. அதற்குத் தேதி இருக்கிறது. உங்கள் 126-க்குத் தேதி சொல்லுங்கள், ஒரே ஒரு தேதி.

சூலூர்க்காரன்: தேதி தேதி என்று பஞ்சாங்கக்காரர் மாதிரி. 126 எங்கே, 36 எங்கே? மீதி 90-க்குப் பதில் என்ன வந்தது, அதைச் சொல்லும் ஐயா.

கணக்குப்பிள்ளை: பேச்சை மாற்றாதீர்கள். கையெழுத்து.

மாடப்புறா: 2018-இல் 114 போர் விமானம் வாங்க என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்களே, அதாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஓடுபாதை: நாற்பது என்று ஒப்புக்கொண்டதைக் குறித்து வைத்திருக்கிறேன். போன வாரப் பதிவையும் திருத்தவும்.